படிப்பகத்துல விழா வைக்கிறீங்களா? நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். அறுபது சேர் வாடகைக்கு எடுத்து மாடி ஹால்ல வரிசையா போட்டாச்சு, வாசல்ல கோலம், ஒரு குடம் மோர், பேச வர்றவருக்கு சால்வை, எல்லாம் ரெடி. காலைல பதினோரு மணி. வந்தது நாலே நாலு பசங்க. அதுல ஒருத்தன் தண்ணி குடிக்க வந்தவன், மோர் இருக்குன்னு தெரிஞ்சதும் உக்காந்துட்டான். மீதி பேர்லாம் எங்கடான்னு கேட்டா, "அண்ணா இன்னிக்கி சோசியல் எக்ஸாம்ணா, உங்களுக்கு தெரியாதா"ன்னு என்னையே கேக்கறான்.

தெரியாது. அதான் உண்மை. ஃப்ளெக்ஸ் அடிக்க தெரிஞ்சிது, சேர்காரருக்கு அட்வான்ஸ் குடுக்க தெரிஞ்சிது, பக்கத்து ஸ்கூல்ல என்னிக்கி பரீட்சைன்னு ஒரு வார்த்த கேக்க தோணல.

நான் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு சின்ன படிப்பகத்த பாத்துக்கற நாலஞ்சு பேர்ல ஒருத்தன். கீழ புத்தகம், மேல ஒரு ஹால், 20க்கு 30 அடி இருக்கும், பாட்டு, பறை, ட்ராயிங், நாடகம் எல்லாம் அதுக்குள்ளதான். சம்பளம்லாம் யாருக்கும் கிடையாது. வட சென்னைக்கு இந்த மாதிரி எடம் ஒண்ணும் புதுசு இல்ல, மில்லு சங்கு ஊதுன காலத்துலேர்ந்தே தெருவுக்கு ஒரு மன்றம், ஒரு படிப்பகம், ராத்திரி பாடசாலைன்னு இருந்த ஏரியா. இப்ப மறுபடி அங்கங்க பசங்க ஆரம்பிக்கறாங்க, ஆரம்பிச்சதும் நம்மகிட்ட வந்து "அண்ணா என்னென்ன ஃபங்ஷன் வைக்கலாம்"னு கேக்கறாங்க. எப்ப வைக்கக் கூடாதுன்னு வேணா நான் சொல்றேன், அதுலதான் நமக்கு அனுபவம் ஜாஸ்தி.

எல்லாரும் பண்ற தப்பு, நாங்களும் பண்ணது, தேதிய லிஸ்ட் பாத்து எடுக்கறது. பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், ஆகஸ்ட் 12 இந்திய நூலகத் துறையோட தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர். ரங்கநாதன் பேர்ல நூலகர் நாள், நவம்பர் 14லேர்ந்து 20 வரைக்கும் தேசிய நூலக வாரம். லிஸ்ட் நல்லாதான் இருக்கு. ஆனா அது டெல்லிக்கும் ஆவணும் போபாலுக்கும் ஆவணும்னு போட்டது, நம்ம தெருவுக்குன்னு தனியா ஒரு காலண்டர் ஓடிக்கிட்டு இருக்கு. ஏப்ரல் 23 பரீட்சை சமயம், ஆகஸ்ட் 12 ஆடி மாசம், நவம்பர் மூணாவது வாரம் சென்னைல வானம் எப்படி இருக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா.

ரங்கநாதனுக்கு விழா எடுக்கறது நியாயம், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. 1948ல மெட்ராஸ்ல பொது நூலகச் சட்டம் வந்ததுல அவரோட உழைப்பு அவ்ளோ இருக்கு, சுதந்திர இந்தியாவுல அதான் மொத நூலகச் சட்டம், இன்னிக்கும் சொத்து வரியோட நூலக வரின்னு ஒண்ணு சேத்து கட்டறோமே, அது அந்த சட்டத்துலேர்ந்து வந்ததுதான். ஆனா ஆடி ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அந்த விழாவ வைக்கறது நியாயமே இல்ல. நாங்க வெச்சோம். எங்க ஜன்னலுக்கு நேரா இருக்கற கம்பத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க, ஒண்ணு தெருவ பாத்து, இன்னொண்ணு சரியா எங்க ஹால பாத்து. பேச வந்த பேராசிரியர் பாவம், "ரங்கநாதனின் ஐந்து விதிகள்"னு வாயத் தெறந்தாரு, அங்கேர்ந்து "தாயே"ன்னு ஒரு பாட்டு வந்து விழுந்துச்சு, மூணாவது விதிக்கு மேல அவரு போகவே இல்ல. அப்பால எல்லாரும் எறங்கிப் போயி கூழ் குடிச்சோம், அவரும்தான். கூழு நல்லா இருந்துச்சு, கருவாட்டுக் கொழம்பும் நல்லா இருந்துச்சு.

அடுத்த வருஷம் என்ன பண்ணோம்னா, பத்து நாளைக்கு முன்னாடியே கோயில் கமிட்டி அண்ணன்ங்கள நேர்ல போயி பாத்து, "அண்ணே, இந்த தேதில உங்களுக்கு என்ன இருக்கு, சாமி எத்தன மணிக்கி பொறப்படுது"ன்னு கேட்டோம். கேட்டதுக்கே அவங்களுக்கு சந்தோஷம். அஞ்சு மணிலேர்ந்து ஆறரை வரைக்கும் செட்ட ஆஃப் பண்ணிடறோம்னு சொன்னதோட, அவங்க மைக்கையே எடுத்துக்கோங்கன்னு குடுத்தாங்க, எங்களுக்கு மைக் செட் வாடகை மிச்சம். இது ஆடிக்கி மட்டும் இல்ல, ரம்ஜானுக்கும் இதே கததான். அது வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னால நகந்துக்கிட்டே வரும், போன வருஷ தேதிய நெனச்சிக்கிட்டு சாயந்திரம் ஆறு மணிக்கு கத சொல்ற நிகழ்ச்சி வெச்சா, நோன்பு தெறக்கற நேரம், பாதி வீட்டு புள்ளைங்க வராது. டிசம்பர் கடைசில ராயபுரம் பக்கம் எதயும் வைக்காதீங்க, அங்க கிறிஸ்மஸ் வேலையே தலைக்கு மேல கெடக்கும்.

இப்ப கடல். கிழக்குக் கடற்கரைல வருஷா வருஷம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போவாது. ஃபைபர் படகு போவும், ஆனா காசிமேட்டோட சத்தமே பாதியா கொறஞ்சிடும். இந்த ரெண்டு மாசத்துலதான் ஸ்கூல் லீவும் வருது. நாங்க மொத தடவ சம்மர் கேம்ப் வெச்சப்ப ஒரு புள்ளைக்கி 300 ரூபாய்னு போட்டோம், பெயிண்ட், சார்ட்டு, பிஸ்கட் எல்லாம் சேத்து, கம்மிதானேன்னு நெனச்சோம். விசாரிக்க வந்த அம்மா ஒருத்தங்க நோட்டீச ரெண்டு தடவ படிச்சிட்டு, "ஜூலைல வெச்சா கட்டிடுவேன் தம்பி"ன்னாங்க. ஜூலைல ஸ்கூல் தெறந்துடும். துட்டு இல்லாத மாசம் எது, இருக்கற மாசம் எதுன்னு தெரியாம ஃபீஸ் வெச்சா இப்படித்தான். இப்பல்லாம் கோடைல பைசா வாங்கறது இல்ல, செலவுக்கு வேணுங்கறத ஜனவரி பிப்ரவரிலயே தேத்தி வெச்சிக்கறோம்.

அதே தடைக்காலத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த ரெண்டு மாசம் நெறைய அப்பாங்க பகல்ல வீட்ல இருப்பாங்க, வல பின்னிக்கிட்டு. வெளியேர்ந்து கிராஃப்ட் டீச்சர கூட்டிட்டு வந்து ஐஸ்குச்சில பொம்ம வீடு கட்ட சொல்லிக்குடுத்தோம், சுமாராதான் போச்சு. அடுத்த வருஷம் பக்கத்து சந்துல இருக்கற ஒரு அண்ணன கூப்பிட்டு வல பின்ன சொல்லிக்குடுங்கண்ணேன்னு கேட்டோம். அவரு ஊசில நூல சுத்திக்கிட்டே வந்தாரு, கண்ணி அளவுக்கு ஒரு மரப்பட்டைய வெச்சு அதுல நூல வளைச்சு, விரலால அழுத்தி, ஒரு முடிச்சு, இழு. அவ்ளோதான். மூணு நாள்ல பசங்க ஒரு பந்து போடற பை அளவுக்குப் பின்னிட்டானுங்க, பொண்ணுங்க ஹாம்மக், அதான் வல ஊஞ்சல், பின்னப் போறோம்னு நிக்குதுங்க. அந்த கேம்புலதான் ஆளு நிக்க எடம் இல்லாம போச்சு.

கோடை கேம்புல நேரத்தையும் கவனிங்க. மே 4லேர்ந்து கத்திரி, 28 வரைக்கும் போவும். எங்க ஹாலுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ். பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும்னு போட்டா பசங்களுக்கு தல வலிக்கும், உங்களுக்கும். சரி காலைலயே ஏழு மணிக்கி வெச்சிக்கலாம்னு மாத்தினோம், பையனுங்க வந்துட்டானுங்க, பொண்ணுங்கள காணோம். ஒரு வாரம் கழிச்சிதான் புரிஞ்சுது, எங்க தெருவுக்கு லாரி தண்ணி அந்த நேரத்துலதான் வருது, கொடம் புடிக்க வரிசைல நிக்கறது யாரு, எட்டாவது படிக்கற பொண்ணுதான். எந்த புக்குலயும் இத எழுதி இருக்காது. லாரி போனப்புறம் எட்டேகால்னு வெச்சோம், சரியாச்சு.

இதுல ஒரு சின்ன விஷயம், கேரம் போர்ட எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க. சத்தம் வருது, படிக்க விட மாட்றாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. இந்த ஏரியாவுல கேரம் போர்ட எடுத்தா பசங்களும் கூடவே போயிடுவானுங்க. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்சிட்டு வந்த காசிமா நம்ம வட சென்னை பொண்ணுதான், அதுக்கப்புறம் எங்க போர்டுக்கு பக்கத்துல பொண்ணுங்க வரிசையும் தனியா நிக்குது. பின்-டிராப் சைலன்ஸ் வேணுங்கறவங்களுக்கு, போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்களுக்கு, கொளத்தூர்ல 2024ல தெறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி எடம்லாம் வந்துடுச்சு. ஏசியும் வைஃபையும் போட்டு அதுங்ககூட போட்டி போடறது நம்ம வேல இல்ல.

மேடைக்கி வருவோம், இதுல எனக்கு வயித்தெரிச்சலே இருக்கு. நிகழ்ச்சி நிரல்னு ஒண்ணு அடிப்பாங்க பாருங்க, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர்கள் ஏழு பேர், வாழ்த்துரை அஞ்சு பேர், அதுல ஒவ்வொருத்தரும் "நேரத்தின் அருமை கருதி"ன்னு ஆரம்பிச்சு கால் மணி நேரம் பேசுவாங்க, நடுவுல ஒவ்வொருத்தருக்கும் சால்வை, சால்வை போடறத ஃபோட்டோ எடுக்கல இன்னொரு தடவ போடுங்கம்பாங்க, அப்பால சிறப்புரை, பரிசளிப்பு, நன்றியுரை, இதெல்லாம் முடிஞ்சு கடேசில "மாணவர்களின் கலை நிகழ்ச்சி". முகத்துல பவுடர் போட்டு, கால்ல சலங்கை கட்டி, மூணு மணிலேர்ந்து ஒண்ணுக்குக் கூட போவாம ஓரமா உக்காந்திருக்கற புள்ள ஏழரை மணிக்கி மேடை ஏறும். அதுக்குள்ள முன்வரிசை பூரா எழுந்து போயிருக்கும். நாங்க ஒரு வருஷம் சரியா இததான் பண்ணோம், ஒரு புள்ள ஆடறதுக்கு முன்னாடியே தூங்கிடுச்சு, அதோட அப்பா வந்து தோள்ல போட்டு தூக்கிட்டு போனாரு, சலங்கை சத்தம் படியில ஜல் ஜல்னு கேட்டுக்கிட்டே எறங்கிச்சு, மேடைல இன்னும் வாழ்த்துரை ஓடிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப புள்ளைங்கதான் மொத, நடுவுல ரெண்டே ரெண்டு பேச்சு. சால்வைக்கி பதிலா புத்தகம். வாழ்த்த வர்றவங்க எல்லாம் கீழ உக்காந்து வாழ்த்தலாம். மொத ரெண்டு வருஷம் கோச்சிக்கிட்டாங்க, அப்பறம் அவங்க வீட்டு புள்ளைங்களும் ஆடுனப்ப சரியாயிட்டாங்க.

கலைஞர்கள கூப்பிடறதுலயும் நாம பண்ற அநியாயம் கொஞ்ச நஞ்சம் இல்ல. நம்ம ஏரியா கானா பாடறவங்க. ஃபோன் போட்டு மொத கேள்வியே "கெட்ட வார்த்த இல்லாம பாடுவீங்கல்ல"ன்னு கேக்கறது. நானே கேட்டிருக்கேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்பறம் அவரு, "எங்கப்பா சாவு வீட்ல விடிய விடிய பாடுவாரு சார், அங்க அழுதுக்கிட்டு இருக்கறவங்க யாரும் இத கேட்டது கெடயாது"ன்னாரு. அதோட விடல, கடைசில பத்து நிமிஷம் அவருக்குன்னு வெச்சோம், வண்டி வாடகை மட்டும் தர்றோம்னோம். வந்து பாடிட்டுதான் போனாரு, ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எங்க ஃபோன எடுக்கல. சபாவுல கச்சேரி பண்றவங்களுக்கு எவ்ளோன்னு கேட்டுட்டுதானே கூப்பிடுவோம், அதே மாதிரி கேளுங்க, முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. அப்பறம் ராத்திரி பத்து மணிக்கி மேல ஸ்பீக்கர் வைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக்குடுத்து பர்மிஷன் வாங்கணும். அது தெரிஞ்சிக்கிட்டே கானாவ ஒம்பதே முக்காலுக்கு வெச்சா அது யார் தப்பு.

சிலம்பம் வைக்கறதா இருந்தா மொதல்ல அண்ணாந்து பாருங்க. கம்பு நிமுத்தினா ஆள் நெத்தி வரைக்கும் வரும், தலைக்கு மேல சுத்தினா எவ்ளோ எடம் வேணும்னு கணக்கு போட்டுக்கோங்க. எங்க ஹால்ல சீலிங் ஃபேன் இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க.

பறை வேற மாதிரி. அது தோலு, ஈரக்காத்து பட்டா தொளதொளன்னு ஆயிடும், நெருப்புல காய்ச்சினாதான் விறைச்சு கணீர்னு வரும். நவம்பர் டிசம்பர்ல பறைய வெச்சா அர மணி நேரத்துக்கு ஒரு தடவ காய்ச்சியே ஆவணும். எங்களுக்கு இது தெரியாது. மாடி ஹால்ல பறைய வெச்சிட்டோம், வெளிய மழ, வந்த அண்ணன் "நெருப்பு எங்க போடறது"ன்னு கேட்டாரு, படிக்கட்டு திருப்பத்துல ஒரு இரும்புச் சட்டிய வெச்சு பேப்பர கொளுத்தினோம். பொக பூரா மேல ஹாலுக்கு ஏறிச்சு, புள்ளைங்கல்லாம் இரும, பக்கத்து வீட்டு பாட்டி ஐயோ புக்கெல்லாம் எரியுதுன்னு சத்தம் போட்டு தெருவே கூடிடுச்சு, எங்க விழாக்கு வந்த கூட்டத்த விட அது பெருசு. இப்ப காய்ச்சறதுக்குன்னு கீழ சந்துல தகரம் போட்டு எடம் ஒதுக்கிட்டோம். அதையே நிகழ்ச்சியோட மொத பகுதியாவும் ஆக்கிட்டோம், பசங்க சுத்தி நின்னு பாப்பாங்க, சூடு ஏற ஏற விரலால தட்டி சத்தம் எப்படி மாறுதுன்னு அவங்களே கண்டுபுடிக்கறாங்க.

வாட்ஸப் நோட்டீஸ்ல "நாளை மாலை 5 மணி"ன்னு போடாதீங்க. அது நாலு நாள் சுத்தும். எங்க ஒரு நிகழ்ச்சிக்கி ஆளுங்க மூணு நாள் கழிச்சு வந்தாங்க, பூட்டி இருக்குன்னு திட்டிட்டுப் போனாங்க. தேதி, கெழம, எந்த மெட்ரோ ஸ்டேஷன்லேர்ந்து எப்படி வரணும், இது பெருசா இருக்கணும். நம்ம மூஞ்சி சின்னதா இருந்தா போதும், இல்லாட்டியும் போதும்.

புரொஜக்டர் வெச்சு எதாவது போடறதா இருந்தா, ஜூன்ல ஆறரை மணிக்கி கூட ஜன்னல்ல வெளிச்சம் இருக்கும், நவம்பர்ல ஆறு மணிக்கே இருட்டிடும். அத பாத்து வெச்சிக்கோங்க, அவ்ளோதான்.

ஜனவரி எங்களுக்கு அறுவட மாசம். புத்தகக் காட்சி வரும், வழக்கமா பத்து பர்சன்ட் கழிவு கெடைக்கும், அதனால டிசம்பர்ல அவசரப்பட்டு வாங்காதீங்க. அத விட முக்கியம் போகி. போகிக்கு முந்தின வாரம் வீடு ஒழிக்கறாங்க, பரண்லேர்ந்து புக்கு எறங்கும், ஒண்ணு நெருப்புக்குப் போவும், இல்ல பழைய பேப்பர் கடைக்கி எடைக்கி போவும். ரெண்டுக்கும் நடுவுல நாம போயி நிக்கணும். ஆனா குடுக்கறத எல்லாம் வாங்கிக்காதீங்க, இது நாங்க ரொம்ப லேட்டா கத்துக்கிட்டது. மொத போகிக்கு நாலு மீன்பாடி வண்டி நெறைய வந்துச்சு, பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல பழைய பாடத்திட்ட கைடு, வருமான வரி புக்கு, கரையான் தின்ன டைரி. கரையானோட வந்த ஒரு கட்டு நம்ம ரேக்கயும் சேத்து தின்னுடும். வாசல்லயே ஒதறிப் பாத்து, தனியா ஒரு மாசம் வெச்சிட்டு அப்பறம்தான் உள்ள எடுங்க. மேல படிக்கட்டுல பறைக்கி கொளுத்தினோம்னு சொன்னேன்ல, அது அந்த கைடுங்கதான்.

கடைசியா மழ. நூலக வாரத்துக்கு புத்தகக் கண்காட்சின்னு நல்ல புத்தகமா பாத்து எடுத்து கீழ தரைல, தாழ்வான பெஞ்சுல பரப்பி வைக்கறோம், நவம்பர்ல, வட சென்னைல. இத விட பெரிய தப்பு என்ன இருக்கு சொல்லுங்க. 2015 வெள்ளம் பாத்தோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் பாத்தோம், அப்ப எண்ணூர் பக்கம் வீட்டுக்குள்ள வந்த தண்ணில கச்சா எண்ணெயும் கலந்து வந்துச்சு, அந்த கற புடிச்ச புத்தகத்த ஒண்ணும் பண்ண முடியாது. அக்டோபர் வந்தா கீழ ரெண்டு தட்டும் காலி, புத்தகம்லாம் இடுப்புக்கு மேல, கண்காட்சி மாடில.

அப்படியும் நனஞ்சிட்டா, ஒடனே மொட்ட மாடில வெயில்ல போடாதீங்க. வெயில் பட்டா அட்ட வளைஞ்சிடும், பசை விட்டுடும். நெழல்ல, ஃபேன் போட்டு, புத்தகத்த நிக்க வெச்சு லேசா விரிச்சு விடுங்க, இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளப் பேப்பர் சொருகி அது ஈரமாக ஈரமாக மாத்திக்கிட்டே இருங்க. நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டும். வழவழ பேப்பர் புக்கு காஞ்சா செங்கல் மாதிரி ஒட்டிக்கும், ஈரமா இருக்கும்போதே பக்கத்த பிரிச்சிடணும். ரெண்டு நாளைக்கு மேல ஈரமா விட்டா பூஞ்ச புடிக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள எல்லாத்தயும் காய வைக்க ஆளு இல்லன்னா, ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, பூஞ்ச வராது, அப்பறம் நாலு நாலா எடுத்து காய வெச்சிக்கலாம். இது கேக்க வேடிக்கயா இருக்கும், ஆனா பெரிய லைப்ரரிங்களே பண்ற முறைதான்.

எங்களுக்கு ஃப்ரீசருக்கு எங்க போறது, மார்க்கெட்ல மீன் விக்கற அக்காகிட்ட போயி நின்னோம். "புக்க ஐஸ்ல வைப்பாங்களா, பைத்தியமாடா உங்களுக்கு"ன்னு சிரிச்சாங்க, சிரிச்சிட்டு வஞ்சிரத்த ஒரு பக்கமா ஒதுக்கி எடம் போட்டு குடுத்தாங்க. பன்னண்டு புத்தகம், ரெண்டு வாரம். பதினொண்ணு நல்லா வந்துடுச்சு. ஒண்ணு, கடல் வாழ் உயிரினங்கள் பத்தின படப் புத்தகம், கவர் கிழிஞ்சி இருந்திருக்கு போல, வாசன இன்னும் போகல. பசங்க அத "மீன் புக்கு"ன்னுதான் கேட்டு வாங்கறானுங்க, தொறந்ததும் மொதல்ல மோந்து பாக்கறானுங்க.